கொஞ்சிக்கொள்ளும் இரண்டு கிளிகளும் ஜோடிதானா?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பீச் நிற முகம் கொண்ட இரண்டு லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறேன். 'நிச்சயமான ஜோடி' என்று சொல்லி விற்றார்கள். ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொள்கின்றன, ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. கூட்டுப் பெட்டியில் எட்டு முட்டைகள் உள்ளன. ஒரு மாதம் கடந்தும் ஒன்றும் பொரியவில்லை. கூடுதல் பணம் தந்தால் ஒரு பறவையை மாற்றித் தருவதாக விற்றவர் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். உங்களிடம் இருப்பவை பெரும்பாலும் இரண்டு பெண் பறவைகள். இந்த இனம் ஓர் ஈட்டில் நான்கு முதல் ஆறு முட்டைகள் இடுவதே வழக்கம் என்பதால், எட்டு சேர்ந்து ஒன்றுகூடப் பொரியாதபோது இரண்டுமே இடுகின்றன என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தலைச் சிறகைக் கோதிவிடுவது, தீனிப்பையிலிருந்து உணவைக் கக்கி ஊட்டுவது, முதுகில் ஏறுவது ஆகிய யாவும் பிணைப்பின் அடையாளங்களே தவிர, ஒன்று ஆண், மற்றது பெண் என்பதற்குச் சான்று அல்ல. எதிர்ப்பாலினம் கிடைக்காத கிளி, கூண்டில் உடனிருப்பதையே துணையாக்கிக்கொள்ளும்; அதுவும் இல்லையென்றால் கண்ணாடிக்கோ உங்கள் விரலுக்கோ ஊட்ட முயலும்.

ஓர் அடையாளம் மட்டும் ஓரளவு உதவும். கூண்டின் அடியில் விரித்த தமிழ் முரசு நாளிதழைக் கவனியுங்கள். பீச் முகப் பெண் பறவை தாளை ஒரே அகலத்தில் நீளநீளமாகக் கிழித்து, வாலடிச் சிறகுகளுக்குள் செருகிக்கொண்டு கூட்டுக்குப் போகும். ஆண் கிழித்தாலும் பெரும்பாலும் செருகத் தெரியாமல் கீழே போட்டுவிடும். ஆனால் இது பீச் முக வகைக்கே பொருந்தும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட ஃபிஷர் வகையில் பெண்ணும் அலகில் கவ்வியே எடுத்துச் செல்லும். ஆகவே செருகவில்லை என்பதற்காக ஒரு ஃபிஷரை ஆண் என்று முடிவு கட்டக் கூடாது. கலப்பினம் என்றால் அதன் செய்கையும் கலந்தே இருக்கும், எதையும் சொல்ல முடியாது.

இடுப்பெலும்பைத் தடவிப் பார்த்தே பாலினம் சொல்வேன் என்பவர் ஊகத்துக்கு விலை கேட்கிறார். சிறகையோ ஒரு துளி இரத்தத்தையோ கொண்டு செய்யும் மரபணுப் பரிசோதனையே நம்பத்தக்கது. அந்தச் சான்றிதழிலும் ஒரு தந்திரம் உண்டு: ஒரே தாளை நகலெடுத்துப் பல பறவைகளுக்குக் காட்டுவார்கள். காலில் உள்ள வளையத்தின் எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று நீங்களே படித்துப் பாருங்கள். கடைக்கு உரிமம் இருப்பதும் விற்றவர் சொல்லும் 'ஜோடி' உண்மை என்பதும் வேறு வேறு. இதற்காக முறையிடப் போனால், படிவங்களை நிரப்பி முடிப்பதற்குள் பறவை அடுத்த ஈட்டை இட்டுவிடும்.

மாற்றுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பழகிய துணையை இழந்த பெண் பறவை, புதிதாக வந்ததன் கால்விரலைக் கடித்துத் துண்டாக்கக்கூடும். புதியது அலகையும் சிறகையும் சிதைக்கும் வைரஸ் நோயைக் கொண்டுவரவும் கூடும். இரண்டும் இணக்கமாக இருக்கும்போது பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இனிச் செய்ய வேண்டியது, முட்டையிடுவதைக் குறைப்பதுதான். முட்டைகளை உடனே எடுத்தால் ஈடு செய்ய மேலும் இடும். ஆகவே பறவைகளே அடைகாப்பதை விட்டு விலகும்வரை காத்திருந்து, பிறகு பெட்டியோடு சேர்த்து அகற்றுங்கள். அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் இரவு பதினொன்று வரை விளக்கும் தொலைக்காட்சியும் எரிந்தால் பறவைக்கு அது நீண்ட பகல், அதாவது இனப்பெருக்கக் காலம். நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரமாவது இருளும் அமைதியும் கிடைக்கட்டும். முதுகைத் தடவாதீர்கள், தலையைத் தடவலாம். கணவாய் ஓட்டைக் கூண்டில் மாட்டிவைத்தால் முட்டையோட்டுக்குப் போகும் கால்சியம் ஓரளவு ஈடாகும்.

பறவை சிறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்து, வாலை மேலும் கீழும் ஆட்டி முக்கினால், முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். எண்ணெய் தடவச் சொல்பவரின் பேச்சைக் கேட்டு மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள். எல்லா மருந்தகங்களிலும் பறவைகளைப் பார்ப்பதில்லை என்பதால், யார் பார்ப்பார்கள் என்பதை இந்த வாரமே தொலைபேசியில் விசாரித்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.