பயந்தாங்கொள்ளிப் பூனையை ஜெர்மனிக்குக் கூட்டிவரலாமா?

தம்பி, நீங்கள் எழுதியிருந்ததை முழுக்கப் படித்தேன். ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வேலைக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. பொங்கல் முடிந்ததும் மனைவி காவேரிப்பட்டினத்திலிருந்து வருவதாக ஏற்பாடு. வீட்டில் செவலை என்று ஒரு கடுவன் பூனை. கேஸ் சிலிண்டர் போட ஆள் வந்தாலே பீரோவுக்குப் பின்னால் போய்ப் பதுங்கிவிடும். இப்படிப் பயப்படுகிற உயிரை விமானத்தில் ஏற்றுவது பாவமா, வந்தாலும் மூன்றாம் மாடி வீட்டில் தங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பூனை வீட்டைத்தான் நம்பும், ஆளை நம்பாது, இங்கேயே விட்டுவிடுங்கள் என்று உங்கள் அத்தை சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள்.

கூட்டிவரலாம். ஆனால் பொங்கலுக்குள் முடியாது.

அத்தை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பூனை தன் கன்னத்தைக் கதவிலும் கட்டில் காலிலும் தேய்த்துத் தேய்த்துத் தன் வாசனையைப் பதிக்கும். அந்த வாசனை இருக்கிற இடம்தான் அதற்குப் பத்திரமான இடம். அதனால்தான் வீடு மாறினால் அப்படி ஆடிப்போகிறது. தெருவெல்லாம் சுற்றி நாலு வீட்டில் சாப்பிட்டு ஓட்டுக்கூரையில் தூங்குகிற பூனை என்றால் நானும் அங்கேயே விடச் சொல்லியிருப்பேன். அதைக் கொண்டுவந்து அடுக்குமாடியில் அடைப்பது கொடுமைதான். செவலை அப்படி இல்லை. வாசல்படி தாண்டுவதில்லை, உங்கள் மனைவி காலடியிலேயே கிடக்கிறது. அதோடு, அவர் கிளம்பியதும் காவேரிப்பட்டினம் வீட்டைக் காலி செய்துவிட்டு அத்தை சேலத்தில் மகன் வீட்டுக்குப் போகிறார் என்கிறீர்கள். அப்படியென்றால் வீடும் போகிறது, ஆளும் போகிறார். எப்படியும் அது புது இடத்தில்தான் வாழவேண்டும் என்றால், தெரிந்த மடி இருக்கிற இடத்துக்கு வரட்டும்.

இனி காகிதம். இந்தியாவிலிருந்து வரும் பூனைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி வரிசையாகப் போகும், ஒன்று முன்பின்னாக மாறினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். முதலில் தோலுக்கடியில் செலுத்தும் 15 இலக்க அடையாள மைக்ரோசிப், ஐஎஸ்ஓ தரத்தில் உள்ளது. சிப் போட்ட பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி. அதற்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. நீங்கள் கிருஷ்ணகிரியில் ஏற்கெனவே போட்ட ஊசி இதனால்தான் உதவாது. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யூ. அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்த பிறகே ஐரோப்பாவுக்குள் விடுவார்கள். எல்லாம் தடையில்லாமல் நடந்தாலே நான்கு மாதத்துக்கு மேல். இதில் ஒரு நல்லது, அடுத்தடுத்த ரேபிஸ் ஊசியைத் தவணை தவறாமல் போட்டுக்கொண்டே வந்தால் இந்த ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

கடைசியாக, கிளம்பும் வாரத்தில் ஐரோப்பிய ஒன்றியப் படிவத்தில் உடல்நலச் சான்றிதழ். அதை அரசு விலங்கு நோய்த்தடுப்பு அலுவலகத்தில் வாங்க வேண்டும். பெங்களூருவிலும் சென்னையிலும் இருக்கிறது, நம் பக்கத்துக்கு பெங்களூருதான் கிட்டே. சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் இங்கே வந்து இறங்கிவிட வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறும், அதனால் டிக்கெட் போடும் முன் ஜெர்மன் சுங்கத்துறையின் இணையப் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். உரிமையாளர் பயணத்துக்கும் பூனையின் பயணத்துக்கும் இடையில் ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. மனைவி ஜனவரியில் வந்துவிட்டு, பூனையை மே மாதத்தில் சரக்காகத் தனியே அனுப்பினால் அது வியாபாரக் கணக்கில் போய்விடும், சிக்கல் கூடும். ஒன்று, அவர் பயணத்தைத் தள்ளிப்போடட்டும். அல்லது அவர் இப்போது வந்துவிட்டு, கோடை விடுமுறையில் உங்களில் ஒருவர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது கூடவே கூட்டிவாருங்கள். அதுவரை சேலத்தில் வைப்பதென்றால் இரண்டு இடமாற்றம் ஆகிவிடும். என்னைக் கேட்டால், காவேரிப்பட்டினம் வீட்டை இன்னும் சில மாதம் வாடகை கொடுத்தாவது வைத்திருந்து, அவரும் செவலையும் ஒரே விமானத்தில் வருவதுதான் நல்லது.

அந்த நான்கு மாதத்தை வீணாக்காதீர்கள். பயந்த பூனைக்கு அது பெரிய வரம். முதல் நாளே கூடையை வாங்கி, கதவைக் கழற்றிவிட்டு, அது வழக்கமாகத் தூங்கும் மூலையில் வைக்கச் சொல்லுங்கள். உள்ளே உங்கள் மனைவி கட்டிப் பழசான ஒரு நூல் புடவையைத் துவைக்காமல் மடித்துப் போடட்டும். சோற்றை முதலில் கூடைக்குப் பக்கத்தில், அப்புறம் வாசலில், அப்புறம் உள்ளே. யாரும் அதைப் பிடித்துத் தள்ளக்கூடாது. அதுவாக உள்ளே போய்ச் சுருண்டு படுக்கத் தொடங்கிய பிறகுதான் கதவை மாட்டி, ஒரு நிமிடம் மூடித் திறப்பது. பிறகு தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பது. பிறகு காரில் காவேரிப்பட்டினத்திலிருந்து கிருஷ்ணகிரி வரை போய்த் திரும்புவது. எங்கள் பூனை மயிலி பாலக்கோட்டில் பிறந்தவள், ஆட்டோ சத்தம் கேட்டாலே நடுங்குவாள். கூடை பழகிய பிறகு அந்தக் கூடைதான் அவளுக்கு ஒளிந்துகொள்ளும் இடமாக ஆனது. விமானத்திலும் அதற்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாள்.

தீனியையும் இப்போதே மாற்றத் தொடங்குங்கள். மீன் குழம்புச் சோறும் தயிர் சோறும் சாப்பிட்டு வளர்ந்த பூனைக்கு இங்கே வந்த முதல் நாள் புதுத் தீனி வைத்தால் மோந்துகூடப் பார்க்காது. ஊரிலிருந்து தீனிப் பையைக் கொண்டுவரவும் முடியாது. இறைச்சி, பால் சேர்ந்த பொருள்களை ஐரோப்பாவுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது, விலங்குத் தீனிக்கும் அது பொருந்தும். விஸ்காஸ், ராயல் கேனின் இரண்டும் ஓசூரிலும் கிடைக்கும், இங்கேயும் கிடைக்கும். அதில் ஒன்றைச் சோற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கிவிட்டால், வந்து இறங்கும் நாளில் தட்டில் இருப்பதாவது தெரிந்த வாசனையாக இருக்கும்.

விமானம் பெங்களூருவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேராகப் போவதாகவே இருக்கட்டும். வளைகுடா வழியாகப் போனால் டிக்கெட் மலிவு, ஆனால் அங்கே சில நிறுவனங்கள் பூனையைப் பயணிகள் இருக்கும் பகுதிக்குள் விடுவதில்லை. உள்ளே விடுகிற நிறுவனங்களிலும் கூடையோடு சேர்த்து 8 கிலோ என்பதுதான் பொதுவான வரம்பு, ஒரு விமானத்தில் இத்தனை விலங்குதான் என்ற கணக்கும் உண்டு. டிக்கெட் போட்ட அன்றே பூனைக்கும் இடம் பதிந்துவிடுங்கள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் பேருந்து வேண்டவே வேண்டாம். அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலையும் கணக்கில் வைத்து வாடகைக் கார் சொல்லிவிடுங்கள். கூடைமேல் மெல்லிய துணி மூடியிருக்கட்டும், வழியில் எங்கே நிறுத்தினாலும் கூடையைத் திறக்கக்கூடாது. கிளம்புவதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்பு கொஞ்சமாகச் சாப்பாடு, தண்ணீர் மட்டும் தடையில்லை. மயக்க மருந்து கொடுக்காதீர்கள். உயரத்தில் ரத்த அழுத்தமும் மூச்சும் தாழ்ந்துபோகலாம், மயங்கிய விலங்கை விமானத்தில் ஏற்றவும் மறுப்பார்கள். பயத்தைக் குறைக்க காபாபென்டின் கொடுக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அதை அவரே அளவு சொல்லித் தர வேண்டும், பயண நாளுக்கு முன்பே வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் பாதுகாப்புச் சோதனை. கூடை எக்ஸ்ரேயில் தனியாகப் போகும், பூனையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். பயந்த பூனை அந்த ஒரு நொடியில் திமிறி ஓடினால் அவ்வளவு பெரிய கட்டடத்தில் தேடிப் பிடிப்பது கஷ்டம். அதனால் உடம்போடு பொருந்தும் வார்ப்பட்டையை வீட்டிலேயே போட்டுப் பழக்கி, கயிறைக் கையில் சுற்றிக்கொண்டு, கதவு மூடிய அறையில் சோதிக்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கியதும் பச்சை வழியில் வெளியே வந்துவிடாமல், சிவப்பு வழியில் போய்ச் சுங்க அதிகாரியிடம் காகிதங்களைக் காட்டுங்கள்.

இப்போது வீடு. மனைவி வருவதற்குள் நீங்கள் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் நாய், பூனை கூடாது என்று அச்சடித்த வரி இருந்தால் பயப்பட வேண்டாம். அப்படிப் பொத்தாம்பொதுவாகத் தடுக்கும் வரி செல்லாது என்று ஜெர்மன் கூட்டாட்சி நீதிமன்றம் 2013 மார்ச்சில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதற்காகச் சொல்லாமல் வளர்க்கலாம் என்று அர்த்தமில்லை. வீட்டுக்காரருக்கு எழுதி, எழுத்திலேயே சம்மதம் வாங்குங்கள். பால்கனிக்கு வலை கட்டவும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது ஜன்னல். இதை நம் ஊர் ஆட்களுக்கு யாரும் சொல்வதில்லை. இங்கே ஜன்னலை மேல்பக்கம் மட்டும் உள்ளே சாய்த்துக் காற்றுக்கு வைப்பார்கள். அந்த இடுக்கில் பூனை ஏறி நுழையப் பார்க்கும், வழுக்கி இடுப்பில் சிக்கிக்கொள்ளும். திமிறத் திமிற இன்னும் கீழே இறங்கி, பின்னங்காலுக்கு ரத்தம் போவது நின்றுவிடும். இப்படிச் செத்துப்போகிற பூனைகள் உண்டு. இதற்கென்றே பக்கவாட்டுக் கம்பி கடைகளில் விற்கிறார்கள். அதை மாட்டாத ஜன்னலைச் சாய்க்கவே சாய்க்காதீர்கள்.

மருந்துப் பெட்டியையும் பூட்டுங்கள். நாம் எல்லோரும் ஊரிலிருந்து டோலோ அட்டை அட்டையாகக் கொண்டுவருகிறோம். பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது, அரை மாத்திரைகூட அதன் உயிரை எடுக்கலாம். வீட்டுக்கு வருகிறவர்கள் பூங்கொத்தில் லில்லி கொண்டுவந்தால் வெளியிலேயே வையுங்கள்; அதன் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் கெட்டுவிடும்.

வந்த அன்று வீடு முழுவதையும் காட்டாதீர்கள். படுக்கையறை ஒன்று போதும். அதில் கூடை, தண்ணீர், தீனி, எதிர்மூலையில் அது கழிக்க மண் தட்டு, அந்தத் துவைக்காத புடவை, ஓர் அட்டைப்பெட்டி. பெட்டி அற்பமாகத் தோன்றும். 2014இல் உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நெதர்லாந்துக் காப்பகத்தில் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகள் சீக்கிரம் பதற்றம் தணிந்தன. ஒளிந்துகொள்ள விடுவதுதான் வெளியே வரவைக்கும் வழி. கட்டிலுக்கடியில் கையை விட்டு இழுத்தால் பழகும் நாள் தள்ளித்தான் போகும்.

தட்டில் இங்கத்திய கட்டியாகும் மண்ணை மட்டும் போட்டால் செவலைக்குப் புரியாமல் போகலாம். அது பழகியது கொல்லை மண்ணும் அடுப்புச் சாம்பலும். மேலே கொஞ்சம் ஆற்றுமணல் மாதிரி நைசான மணலைத் தூவி, நாளாவட்டத்தில் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, அந்த அறையில் தரையில் உட்கார்ந்து புத்தகம் படிப்பது, போனில் மெதுவாகத் தமிழில் பேசுவது. அந்தக் குரல் அதற்குத் தெரிந்தது. அது எட்டிப் பார்த்தால் முறைத்துப் பார்க்காமல் கண்ணை மெல்ல மூடித் திறங்கள். இது பாட்டிக்கதை இல்லை; அப்படிக் கண் சிமிட்டும் ஆளிடம் பூனை கூடுதலாக நெருங்குகிறது என்று இங்கிலாந்தில் 2020இல் ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். மயிலி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் குடியிருந்த நாட்களில் நானும் என் கணவரும் மாறிமாறி அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். ராத்திரியில் மட்டும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். அப்புறம் ஒருநாள் பகலில், நான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்து முழங்காலில் தலையை முட்டினாள். அதன் பிறகுதான் அறைக் கதவைத் திறந்துவைத்தோம்.

ராத்திரி கத்தும், அது நிச்சயம். இங்கே பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதால் கீழ்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் முன்கூட்டியே ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள். இந்த ஊர் ஆட்கள் பூனைக்காக நிறையப் பொறுத்துக்கொள்வார்கள், சொல்லிவிட்டால் போதும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க எதுவுமே தின்னவில்லை என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். பட்டினி நீண்டால் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். அதைவிட முக்கியம், செவலை கடுவன். பதற்றத்தில் கடுவன் பூனைக்குச் சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொள்ளும். தட்டுக்குப் போய்ப் போய் முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த ராத்திரியே அவசர விலங்கு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அதன் முகவரியை இப்போதே தேடி ஃப்ரிட்ஜில் ஒட்டிவையுங்கள். இங்கே வந்ததும் சிப் எண்ணை, காணாமல்போன விலங்குகளைக் கண்டுபிடிக்க உதவும் டாஸோ என்ற அமைப்பில் பதிந்துவிடுங்கள், கட்டணம் இல்லை. பூனைக்கு வரியும் இல்லை, அது நாய்க்கு மட்டும்தான்.

நாளைக்கே மனைவியிடம் சொல்லி, கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ 15 இலக்கச் சிப் வைத்திருக்கும் மருத்துவர் யார் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். சிப் போட்டதும் அந்த எண்ணையும், ஊசி அட்டையில் எழுதியதையும், ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எழுதியதையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மூன்றிலும் ஓர் இலக்கமும் பிசகாமல் இருக்கிறதா என்று நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.