எழுத்தெல்லாம் சரி, மதிப்பெண் மட்டும் எங்கே போனது?

கேள்வி: மகள் தொடக்கக்கல்லூரி முதலாண்டில் உயிரியல் படிக்கிறாள். 5′–ஏ டி ஜி சி சி ஜி டி டி ஏ–3′ என்ற டிஎன்ஏ இழைக்கு இணை இழையை 5′ முனையிலிருந்து எழுதச் சொல்லியிருந்தார்கள். டி ஏ சி ஜி ஜி சி ஏ ஏ டி என்று எழுதினாள். தவறு என்று திருத்தியிருக்கிறார்கள். ஜோடிகள் சரியாகத்தானே இருக்கின்றன?
– ஒரு தாய், தெம்பனிஸ்

பதில்: ஜோடியில் பிழையில்லை, திசையில்தான் பிழை. எம்ஆர்டி ரயில் நிலையத்தில் ஒன்று ஏற, ஒன்று இறங்க அருகருகே ஓடும் மின்படிகளைப் போல, டிஎன்ஏவின் இரு இழைகளும் எதிரெதிராகப் போகின்றன. 5′, 3′ என்பவை சர்க்கரையிலுள்ள கார்பன்களின் எண்கள். ஓர் இழையின் 5′ முனைக்கு எதிரே மற்றதன் 3′ முனைதான் நிற்கும். மகள் எழுதியது 3′ முனையில் தொடங்குகிறது. 5′ முனையிலிருந்து எழுதினால் டி ஏ ஏ சி ஜி ஜி சி ஏ டி. எழுத்துகளைத் தொடுமுன் நான்கு முனைகளிலும் எண்களைப் போட்டுவிடச் சொல்லுங்கள்.

ஏ–டி, ஜி–சி என்றே ஏன் சேர வேண்டும்? இந்த எழுத்துகள் காரங்கள் எனப்படும் மூலக்கூறுகளின் சுருக்கம். அடினைனும் (ஏ) குவானைனும் (ஜி) இரு வளையம் கொண்ட பெரிய காரங்கள். தயமின் (டி), சைட்டோசின் (சி), ஆர்என்ஏவில் வரும் யுராசில் (யு) ஆகியவற்றுக்கு ஒரு வளையமே. பெரியதோடு சிறியது சேர்ந்தால்தான் இழைகளின் இடைவெளி சீராக இருக்கும். அப்படியானால் ஏ–சி ஏன் சேர்வதில்லை? அகலம் பொருந்தினாலும், ஹைட்ரஜனைத் தரும் இடமும் பெறும் இடமும் நேருக்கு நேர் அமைவதில்லை. ஏ–டி ஜோடிக்கு 2 ஹைட்ரஜன் பிணைப்பு, ஜி–சி ஜோடிக்கு 3. இந்தத் துண்டில் 5 ஏ–டி, 4 ஜி–சி, மொத்தம் 22.

டிஎன்ஏவைப் பார்த்து உருவாகும் ஆர்என்ஏவில் டி இருக்கும் இடத்தில் யு வரும். இதை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள், சறுக்குவது வேறிடத்தில். கொடுத்த இழை வார்ப்புரு இழையா (ஆர்என்ஏ ஜோடி சேர்ந்து உருவாவது இதன்மீதுதான்), குறியீட்டு இழையா (வார்ப்புருவின் இணை இழை)? வார்ப்புரு என்றால் தூது ஆர்என்ஏ (புரதம் செய்ய டிஎன்ஏவின் செய்தியைக் கொண்டுபோகும் ஆர்என்ஏ) 5′–யு ஏ ஏ சி ஜி ஜி சி ஏ யு–3′. குறியீட்டு இழை என்றால் ஜோடியே சேர்க்க வேண்டாம், டியை யு ஆக்கினால் போதும்: 5′–ஏ யு ஜி சி சி ஜி யு யு ஏ–3′. கேள்வியில் அந்த ஒரு சொல்லைக் கோடிட்ட பிறகே விடை எழுதத் தொடங்கட்டும்.

விழுக்காட்டுக் கணக்கும் வரும். டிஎன்ஏவின் காரங்களில் ஏ 30% என்றால் டியும் 30%. மீதி 40% ஜிக்கும் சிக்கும் பாதிப் பாதி. இது இரட்டை இழைக்கு மட்டுமே பொருந்தும். அட்டவணையில் ஏயும் டியும் சமமாக இல்லாவிட்டால் அச்சுப்பிழை என்று நினைத்துவிடாமல் ‘ஒற்றை இழை’ என்று எழுதட்டும். சில வைரஸ்களின் டிஎன்ஏ அப்படித்தான் இருக்கிறது.