மிரளும் குதிரையை அடக்குவதா, விற்றுவிடுவதா?

"மைதானத்துக்குள் ஒழுங்காக நடக்கும் என் குதிரை, கிராமத்துச் சாலையில் இறங்கினால் கண்டதற்கெல்லாம் மிரள்கிறது. அடக்குவதா, விற்றுவிடுவதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தக் குதிரை என்று எழுதவில்லை. சென்னையிலிருந்து கேட்பதால், அநேகமாகக் கிண்டி ரேஸ் மைதானத்தில் ஓடிவிட்டு வந்த பந்தயக் குதிரையாகத்தான் இருக்கும். என் தாராவும் அப்படி வந்தவள்தான். அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

முதலில், உங்கள் குதிரைக்குத் திமிர் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 டிகிரிக்குச் சுற்றிலும் அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. வேலி முள்ளில் மாட்டிய பாலித்தீன் பை அசைந்தால் உங்களுக்கு முன்பே அது பார்த்துவிடுகிறது. வெயிலிலிருந்து புளியமர நிழலுக்குள் போகும்போது அதன் கண் இருட்டுக்குப் பழக நம்மைவிட அதிக நேரம் பிடிக்கும். நிழலின் விளிம்பில் அது நின்றுவிடுவது பிடிவாதத்தால் அல்ல. பந்தயக் குதிரைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடிவாள வாரை இறுக்கிப் பிடித்தால் கடிவாளத்தில் சாய்ந்து வேகமெடுக்க வேண்டும் என்றுதான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். நாம் பயத்தில் வாரை இழுக்கிறோம். ஓடச் சொல்கிறார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது.

தாராவை வாங்கிய புதிதில் கேளம்பாக்கம் தாண்டி, தையூர் ஏரிப் பக்கத்து ஊர்ச் சாலைகளில்தான் சவாரி. ஒரு திருவிழாச் சமயத்தில் எல்லைக் கோயில் ஐயனாரின் சிமெண்ட் குதிரைக்குப் புதிதாக வண்ணம் அடித்திருந்தார்கள். முன்னங்கால் தூக்கிய பெரிய வெள்ளைக் குதிரை, பிதுங்கிய கண்கள், திறந்த வாயில் சிவப்பு நாக்கு. பெயின்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை. வழக்கமாகப் போகும் வழிதான். ஆனாலும் அன்று தாரா நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டாள். காதுகள் இரண்டும் முன்னால் விறைத்தன. மூக்குத் துளைகள் விரிந்து ஒரு சீறல் வந்தது. அவள் நெஞ்சு அடிப்பது சேணத்துக்குக் கீழே என் காலில் தெரிந்தது. கழுத்து வேர்த்து, செம்பழுப்பு நிறம் பார்க்கப் பார்க்கக் கறுத்துப்போயிற்று.

டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். "நாலு போடுங்கள், தானாகப் போகும்" என்றார் ஒருவர். இன்னொருவர் செல்போனில் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். கூடவே நடந்து வந்த லாயத்து அண்ணன், வாழ்நாளெல்லாம் குதிரைகளோடு இருந்தவர், கடிவாளத்தில் கைகூட வைக்கவில்லை. "அது பார்க்கட்டும் அம்மா. பார்த்து முடித்தால்தான் கால் எடுக்கும்" என்றார். வாரைத் தளர்த்தினேன். தலையைத் தூக்கவும் தாழ்த்தவும் அவளுக்கு இடம் கிடைத்தது. நான் சிலையைப் பார்க்காமல் சாலைக் கோடியைப் பார்த்தபடி மூச்சை நீளமாக விட்டுக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்துத் தலை இறங்கியது, வாய் அசைபோட்டது. அதன் பிறகு இறங்கி, சிலைக்கும் அவளுக்கும் நடுவில் நான் நடக்க, கடந்துவிட்டோம். நடுவில் நடப்பதற்குக் காரணம் உண்டு. பயந்து துள்ளும் குதிரை பயந்த பொருளுக்கு எதிர்ப்பக்கம்தான் துள்ளும். அந்தப் பக்கம் நாம் இருக்கக் கூடாது.

"இறங்கினால் குதிரை ஜெயித்துவிட்டது என்று அர்த்தம்" என எழுத ஒருவர் கட்டாயம் வருவார். இது பந்தயம் இல்லை ஐயா. தார்ச் சாலையில் லாடம் வழுக்கும். அங்கே மல்லுக்கு நின்றால் அதற்குக் கால் போகும், நமக்கு மண்டை போகும். நான் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த இடத்தில் அடி வாங்கிய குதிரை அடுத்த தடவை சிலைக்கும் பயப்படும், சவுக்குக்கும் பயப்படும். இதை என் கண்ணாலேயே வேறு குதிரைகளிடம் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தில் சிலையைவிடப் பெரிய தொல்லை மனைப்பிரிவுக் கொடிகள். நேற்று வரை நெல் விளைந்த இடத்தில் மஞ்சளும் நீலமுமாக வரிசையாகப் படபடக்கும். குதிரைக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது, ஆனால் மஞ்சளும் நீலமும் நன்றாகவே தெரியும். பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். இப்படிக் கொடி நட்ட ஒரு மனையில்தான் என் அப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணத்தைப் போட்டார். முப்பதடிச் சாலை வரும் என்று வரைபடத்தில் காட்டினார்கள். இன்றைக்கும் அங்கே மாட்டுவண்டிப் பாதைகூடக் கிடையாது. ஐப்பசி வந்தால் மனை முழங்கால் தண்ணீரில் கிடக்கிறது. விற்றவர்கள் போனை எடுப்பதே இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரிகிறது, ஆனால் அந்தக் கொடியைக் கண்டால் தாராவுக்கு நடுக்கம், எனக்கு ஆத்திரம்.

வண்டிக்காரர்களைப் பற்றி ஒன்று. விலங்கைக் கொண்டுபோகிறவர், அது மிரண்டு கட்டுமீறும் என்று அஞ்சி வண்டியை நிறுத்தச் சொன்னால் ஓட்டுநர் நிறுத்தியாக வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 132-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. கூச்சப்படாமல் கையைக் காட்டுங்கள். பஸ் ஓட்டுநர்கள் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரனை அழுத்துகிறவர்கள் பைக்கில் வரும் பையன்கள்தான்.

எதற்கும் முன்னால் கால்நடை மருத்துவரிடம் கண், பல், முதுகு மூன்றையும் காட்டிவிடுங்கள். சேணம் அழுத்தினாலும் பார்வை குறைந்தாலும் குதிரை மிரளும், அதற்குப் பயிற்சி மருந்தாகாது. ஓட்ஸும் கொள்ளும் பந்தயக் காலத்து அளவில் போய்க்கொண்டிருந்தால் குறைத்து, புல்லைக் கூட்டச் சொல்லுங்கள். நிதானமான ஒரு வயசாளிக் குதிரையைத் துணைக்கு முன்னால் விடுங்கள். பந்தய லாயத்தில் வளர்ந்தது கூட்டமாகவே பழகியது, தனியாகப் போவதுதான் அதற்குப் பெரிய பயம். ஹெல்மெட் இல்லாமல் ஏறாதீர்கள். ஓ.எம்.ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் தண்ணீர் லாரிகள் கிளம்பும் முன்பே, விடியற்காலையில் போய் வந்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்து மாதக்கணக்கில் பொறுத்தும் உங்களுக்குப் பயம் போகவில்லை என்றால் விற்பதில் தவறே இல்லை. ஆனால் சாலையில் மிரளும் என்பதை வாங்குகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். எனக்கு விற்றவர் சொல்லவில்லை.