மதர்போர்டு மாற்றும் முன் சார்ஜரைப் பாருங்கள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளின் லேப்டாப் வாங்கி 20 மாதம் ஆகிறது. மூன்று வாரமாக பேட்டரி ஏறவே இல்லை. சார்ஜர் மாட்டியிருந்தால் ஓடுகிறது, பிடுங்கினால் அணைந்துவிடுகிறது. ‘பிளக்டு இன், நாட் சார்ஜிங்’ என்று 4 சதவீதத்திலேயே நிற்கிறது. சர்வீஸ் கடைக்காரர் மதர்போர்டு போய்விட்டது, 9,500 ரூபாய் ஆகும் என்கிறார். பழைய சார்ஜர் ஹாஸ்டலில் தொலைந்துபோய், மூன்று வாரத்துக்கு முன்புதான் 650 ரூபாய்க்குப் புதுசு வாங்கினோம். போர்டை மாற்றிவிடலாமா?
ஒரு வாசகர், கரூர்

பதில்: பொறுங்கள், இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். பேட்டரி ஏறாததும் மூன்று வாரம், புது சார்ஜர் வந்ததும் மூன்று வாரம். முதல் சந்தேகம் சார்ஜர் மேல்தான் போகவேண்டும்.

சார்ஜரின் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டெல், எச்பி லேப்டாப்கள் பலவற்றில் வட்டப் பிளக்கின் நடுவே குண்டூசி போல மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். கரண்ட் அதன் வழியாகப் போவதில்லை. ‘நான் இத்தனை வாட் சார்ஜர்’ என்று லேப்டாப்புக்குச் சொல்வதுதான் அதன் வேலை. ஊசி வளைந்திருந்தாலோ, விலை குறைந்த டூப்ளிகேட்டில் அந்தத் தகவலே சரியாக இல்லாவிட்டாலோ, லேப்டாப் சார்ஜரை நம்பாது. ஓடுவதற்கு மட்டும் கரண்ட் எடுத்துக்கொண்டு பேட்டரியைப் பட்டினி போடும். வேகமும் குறையும். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி அப்படியே இதுதான்.

உறுதி செய்ய, டெல்லாக இருந்தால் ஆன் செய்தவுடன் எஃப் 2 தட்டி பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போங்கள். அங்கே பேட்டரி பற்றிய பக்கத்தில் அடாப்டர் (சார்ஜர்தான்) 65 வாட் என்பது போலக் காட்டவேண்டும். ‘அன்நோன்’ என்று வந்தால் லேப்டாப் சார்ஜரை அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். எந்தக் கம்பெனியாக இருந்தாலும், அதே மாடல் வைத்திருக்கும் மகளின் தோழியிடம் ஒரிஜினல் சார்ஜரை வாங்கி அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். சதவீதம் ஏறினால் போர்டு நன்றாக இருக்கிறது.

அப்படியும் ஏறாவிட்டால் அடுத்தது சார்ஜிங் ஜாக், அதாவது லேப்டாப்பில் பிளக்கை மாட்டும் துளை. மாட்டிய பிளக்கை லேசாக அசைத்தால் விட்டுவிட்டு வருகிறதா? பல மாடல்களில் ஜாக் சிறு ஒயரோடு தனியாகக் கழன்று வரும், அதை மட்டும் மாற்றினால் போதும். அதற்கும் பிறகுதான் பேட்டரி. விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டில் (கட்டளைகளை அடிக்கும் திரை) ‘பவர்சிஎஃப்ஜி’ (powercfg) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு (/) போட்டு ‘பேட்டரிரிப்போர்ட்’ (batteryreport) என்று சேர்த்தடியுங்கள். பேட்டரி புதிதில் எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று வந்துவிடும். பாதிக்கும் கீழே போயிருந்தால் பேட்டரி மாற்றும் காலம் நெருங்கிவிட்டது. டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ, மூடியின் ஓரம் பொருந்தாமல் நின்றாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அப்படியானால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம், உடனே சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். தீப்பிடிக்கக்கூடிய விஷயம் அது.

(60 அல்லது 80 சதவீதத்தில் நிற்கிறது என்று எழுதும் மற்ற வாசகர்களுக்கு: அது பெரும்பாலும் கோளாறே அல்ல. லெனோவா, ஆசஸ் போன்றவற்றில் பேட்டரியைக் காக்கும் வசதி ஆன் ஆகியிருக்கும். அந்தக் கம்பெனியின் செயலியில் போய் அணைத்தால் முழுதாக ஏறும்.)

இனி அந்த 650 ரூபாய். அடாப்டரின் பின்புற லேபிளில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ‘ஆர்’ எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் கட்டாயம் இருக்கவேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணை அடித்தால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். எண் இல்லை, அல்லது வேறு பொருளைக் காட்டுகிறது என்றால் கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பில்லில் கால வரம்பு போடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் கொடுக்காததும் அப்படித்தான். உங்களுக்கு இன்னும் ஒரு வாரம்தான் மிச்சம், நாளைக்கே போங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதியுங்கள்.

சர்வீஸ் கடையில் லேப்டாப் இப்போது இருந்தால், வேலை ஒன்றும் தொடங்கவேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது, என்ன சோதித்து போர்டு பழுது என்று முடிவு செய்தார்கள், எந்த சார்ஜரை மாட்டிப் பார்த்தார்கள் என்பதை ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.