வாசகர் கேள்வி – பதில்: வந்தேறிய விண்மீன்கள்

கேள்வி: ஒரு விண்மீன் நமது பால்வீதியிலேயே பிறந்ததா, வேறொரு விண்மீன் மண்டலத்திலிருந்து வந்து சேர்ந்ததா என்பதை அதிலுள்ள தனிமங்களைக் கொண்டே கண்டறிகிறார்களாமே, அது எப்படி?

பதில்: தனிமங்களோடு விண்மீனின் இயக்கத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள், ஆயினும் தனிமங்களின் சாட்சியமே அழுத்தமானது. பெருவெடிப்பு தந்தவை ஹைட்ரஜனும் ஹீலியமும் சிறிதளவு லித்தியமும் மட்டுமே. மெக்னீசியம், இரும்பு முதலியன பின்னர் விண்மீன்களுக்குள்ளும் அவற்றின் வெடிப்புகளிலும் உருவாகி, வாயு மேகங்களில் கலந்து, அடுத்த தலைமுறை விண்மீன்களுக்குள் சென்றன. இவற்றின் அளவை நிறமாலை, அதாவது நிறம்நிறமாகப் பிரித்த விண்மீன் ஒளி, காட்டிக்கொடுக்கிறது; ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சிக் கருங்கோடுகளைப் பதிக்கிறது. பச்சைப் பகுதியில், 517 நானோமீட்டரை ஒட்டி, மெக்னீசியத்தின் மூன்று கருங்கோடுகள் அருகருகே தென்படும். இரும்புக்கோ நிறமாலை நெடுகிலும் ஆயிரக்கணக்கான கோடுகள் உண்டு.

இவ்விரு தனிமங்களும் ஒரே வேகத்தில் சேர்வதில்லை என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சூரியனைப் போல் எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன்கள் பிறந்த சில கோடி ஆண்டுகளுக்குள்ளேயே வெடித்து, மெக்னீசியத்தை ஏராளமாகவும் இரும்பைக் குறைவாகவும் வெளியேற்றுகின்றன. இரும்பைப் பெருமளவில் தருபவை இரட்டை விண்மீன் அமைப்புகளிலுள்ள வெண்குறுமீன்களின் (எரிபொருள் தீர்ந்த விண்மீன்களின் அடர்ந்த எச்சங்களின்) வெடிப்புகள். அவற்றில் பல நிகழ நூறு கோடி ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகும். ஆகவே, விண்மீன்களை வேகமாக உருவாக்கிய பெரிய மண்டலத்தில், வெண்குறுமீன்கள் வெடிக்கத் தொடங்கும் முன்பே இரும்பு ஓரளவு சேர்ந்துவிடும். அங்கே பிறந்த பழைய விண்மீன்களில் இரும்போடு ஒப்பிட மெக்னீசியம் மிகுந்திருக்கும். மந்தமாக வளர்ந்த சிறிய மண்டலத்திலோ, மொத்த இரும்பு இன்னும் சொற்பமாக இருக்கும்போதே மெக்னீசியத்தின் விகிதம் சரியத் தொடங்கிவிடும்.

பால்வீதியின் தட்டைச் சூழ்ந்து பரவியிருக்கும் பழைய விண்மீன்களின் தொகுதிக்கு ஒளிவட்டம் என்று பெயர். சூரியனுக்கு அண்மையிலுள்ள ஒளிவட்ட விண்மீன்களை ஆராய்ந்த நிசனும் ஷூஸ்டரும் 2010-இல், ஒரே அளவு இரும்புள்ளவற்றுள் மெக்னீசியம் மிகுந்தது, குறைந்தது என இரு தனி வரிசைகள் இருப்பதைக் காட்டினர். 2018-இல், விண்மீன்களின் இருப்பிடத்தையும் இயக்கத்தையும் அளந்த கையா விண்கலத்தின் அளவீடுகள் வந்தபோது, மெக்னீசியம் குறைந்தவை மிக நீண்ட சுற்றுப்பாதைகளில் ஒரே குழுவாக இயங்குவது தெளிவாயிற்று. அவை பிறந்த சிறு மண்டலம் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் பால்வீதியில் மோதிக் கரைந்துபோயிற்று; அதற்கு கையா-என்செலடஸ் என்று பெயரிட்டனர். பால்வீதி ஒரே வாயு மேகம் விரைந்து சுருங்கியதால் உருவானது என்று 1962-இல் எகன், லிண்டன்-பெல், சாண்டேஜ் ஆகியோர் வாதிட்டனர். ஒளிவட்டம் சிறு துண்டுகள் சேர்ந்து உருவானது என்று 1978-இல் சியர்லும் ஸின்னும் மறுத்தனர். ஒளிவட்டத்தைப் பொறுத்தவரை பின்னவர் பக்கமே வழக்கு பெரிதும் சாய்ந்துவிட்டது என்பது என் கணிப்பு.

கேள்வி: விண்மீனுக்குள் அணுக்கரு இணைவு ஓயாமல் நடக்கும்போது, பிறந்த காலத்துச் சேர்மானம் எப்படிக் கலையாமல் இருக்கும்?

பதில்: இணைவு நடப்பது மையத்தில், நாம் காணும் ஒளி புறப்படுவது மெல்லிய மேலடுக்கிலிருந்து. சூரியனைப் போன்ற விண்மீனில் இவ்விரண்டும் கலப்பதில்லை. விலக்குகள் உண்டு: லித்தியம் எளிதில் அழிந்துவிடும்; விண்மீன் முதுமையில் ஊதிப் பெருத்துச் செம்பெருமீனாகும்போது உள்ளிருக்கும் பொருள் மேலெழுவதால் கார்பன் குறைந்து நைட்ரஜன் கூடும். அந்த மாற்றத்தின் அளவு விண்மீனின் நிறையைப் பொறுத்தது, செம்பெருமீனின் நிறை தெரிந்தால் வயதும் தெரியும் என்பதால், இந்த இடையூறையே வயதை மதிப்பிடும் கருவியாக ஆய்வாளர்கள் மாற்றிக்கொண்டது கெட்டிக்காரத்தனம்தான்.

கேள்வி: அப்படியானால் சூரியனோடு ஒரே மேகத்தில் பிறந்த விண்மீன்களையும் அடையாளம் கண்டுவிடலாமே?

பதில்: வானியலாளர்கள் ஃப்ரீமனும் பிளாண்ட்-ஹாதார்னும் 2002-இல் முன்வைத்த யோசனை ஏறக்குறைய இதுவே. அதற்காகவே ஆஸ்திரேலியாவின் 3.9 மீட்டர் தொலைநோக்கியில், ஒரே நேரத்தில் 400-க்குச் சற்றுக் குறைவான விண்மீன்களின் நிறமாலைகளைப் பதியும் காலா ஆய்வு தொடங்கியது. ஆனால் வெவ்வேறு இடங்களில் பிறந்த கூட்டங்களும் ஏறத்தாழ ஒரே சேர்மானத்தோடு இருக்கக்கூடும்; எம்67 என்னும் விண்மீன் கூட்டம் சூரியனைப் பெரிதும் ஒத்திருப்பது இதற்கு நல்ல சான்று. ஆகவே பிறந்த கூட்டத்தைச் சுட்டிக்காட்டுவதைவிட, பால்வீதியின் மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் பிறந்தது என்று மதிப்பிடுவதே இப்போதைக்குக் கைகூடுகிறது. பால்வீதியின் மையத்தை நெருங்க நெருங்க வாயுவில் இரும்பு மிகும். அண்டையிலுள்ள ஒத்த வயது விண்மீன்களைவிடச் சூரியனில் இரும்பு சற்று மிகுதி; அதனால் அது மையத்துக்கு இன்னும் அருகில் பிறந்து பின்னர் வெளிநோக்கி நகர்ந்திருக்கும் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.