பெட்டியில் பொடியா? முதலில் 14-ஆம் பகுதியைப் படியுங்கள்

கேள்வி: நான் அச்சில் வார்த்துச் சிற்பங்கள் செய்கிறேன். அடுத்த மாதம் வெளிநாட்டில் பத்து நாள் பயிற்சி வகுப்பு நடத்தப் போகிறேன். வழியில் ஒருமுறை விமானம் மாற வேண்டும். 2 கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஏழெட்டு நிறமிப் பொடிகள், பளபளப்புக்காக வெண்கலப் பொடி, அலுமினியப் பொடி எல்லாம் எடுத்துப் போகலாமா? எதைக் கையில் வைத்துக்கொள்வது, எதைப் பெரிய பெட்டியில் போடுவது?

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன். அலுமினியப் பொடியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நிறமிகளைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள். பிளாஸ்டரை வகுப்பு நடத்துகிறவர்களிடம் சொல்லி அங்கேயே வாங்கச் சொல்லுங்கள். எல்லா ஊரிலும் கிடைக்கிற பொருளுக்காக 2 கிலோ எடையையும் அத்தனை கேள்விகளையும் சுமக்க வேண்டாம். வெண்கலப் பொடிக்கு மட்டும் ஒரு தாளைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அலுமினியத்தில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? கட்டியாக இருக்கும்வரை அது சாதுவான உலோகம். நுண்பொடியாக்கினால் காற்று படும் பரப்பு பல மடங்கு கூடி, எளிதில் தீப்பற்றிக்கொள்ளும். ஆபத்தான பொருட்களுக்கு ஐ.நா. தரும் அடையாள எண்ணை யு.என். எண் என்பார்கள். மேற்பூச்சு கொடுத்த அலுமினியப் பொடி யு.என். 1309 என்ற எண்ணில், தீப்பற்றும் திடப்பொருளாக வருகிறது. பூச்சு இல்லாதது யு.என். 1396, ஈரம் பட்டால் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும் என்பதால் அது தனி வகை. இரண்டையுமே பயணி கையிலும் கொண்டுபோகக் கூடாது, செக்-இன் பெட்டியிலும் போடக் கூடாது. மெக்னீசியம், துத்தநாகப் பொடிகளும் அப்படித்தான். கந்தகம், பொட்டாசியம் நைட்ரேட், பொட்டாசியம் பெர்மாங்கனேட், நீச்சல்குளத்துக்குப் போடும் குளோரின் பொடி ஆகியவற்றுக்கும் இதே தடை. ‘ஐம்பது கிராம்தானே’ என்ற சலுகை இங்கே கிடையாது. தயவுசெய்து முயன்றுகூடப் பார்க்காதீர்கள். சரக்கு அறையில் தீப்பிடித்தால் யாரும் இறங்கிப் போய் அணைக்க முடியாது.

அதே சமயம், பெயரில் உலோகம் இருப்பதெல்லாம் ஆபத்தும் இல்லை. உங்கள் சிவப்பு, மஞ்சள் நிறமிகள் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடாக இருக்கும். அது துரு. ஆக்சிஜனோடு ஏற்கெனவே சேர்ந்துவிட்ட இரும்பு. அதில் புதிதாக எரிய ஒன்றுமில்லை. வெள்ளைக்குப் போடும் டைட்டானியம் டைஆக்சைடும், மைகா என்ற பளபளக்கும் கனிமமும் அப்படியே.

இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு பொடிக்கும் அதன் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாள் உண்டு. எஸ்.டி.எஸ். என்பார்கள். அதில் 16 பகுதிகள் இருக்கும். நேராக 14-ஆம் பகுதிக்குப் போங்கள். போக்குவரத்து விவரம் அங்கேதான் இருக்கிறது. யு.என். எண்ணும் அபாய வகுப்பும் போட்டிருந்தால், விமான நிறுவனத்திடம் கேட்காமல் அது உங்கள் பெட்டிக்குள் போகக் கூடாது. கட்டுப்பாடு இல்லை என்று போட்டிருந்தால் அந்தத் தாளை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பொடியோடும் இன்னொன்றைக் கைப்பையிலும் வையுங்கள். உங்கள் வெண்கலப் பொடியின் விதி அந்தத் தாளில்தான் இருக்கிறது. எதில் கலந்தது, எவ்வளவு நுண்மை என்பதைப் பொறுத்து, ஒரே பெயரில் விற்கும் பொடிகளுக்குள்ளேயே வகைப்பாடு மாறலாம்.

அடுத்து, கைப்பை. 2017 ஜூலையில் சிட்னியில் விமானத்தைத் தகர்க்கும் சதி ஒன்று முறியடிக்கப்பட்டது. அதன் பிறகுதான் பொடிகள் மீது பார்வை கூர்மையானது. 2018 ஜூன் 30 முதல், அமெரிக்காவுக்குப் போகும் விமானங்களில் கைப்பையில் 350 மில்லி லிட்டருக்கு மேல் பொடி இருந்தால் கூடுதல் சோதனை உண்டு; சந்தேகம் தீராவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். குழந்தைப் பால் மாவு, மருந்து, அஸ்தி போன்றவற்றுக்கு விலக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து புறப்படும் சர்வதேச விமானங்களிலும் கனிமப் பொடிகளுக்கு ஒருவருக்கு மொத்தம் 350 மில்லி லிட்டர்தான். உப்பு, மணல், முகப்பவுடர், உங்கள் நிறமி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். 350 மில்லி என்றால் ஏறக்குறைய ஒரு குளிர்பான டின் அளவு. விமானம் மாறும் இடத்தில் மறுபடியும் பாதுகாப்புச் சோதனை இருந்தால் அந்த நாட்டின் விதிதான் செல்லும். அதனால்தான் நிறமிகளைச் செக்-இன்னில் போடச் சொன்னேன். இந்த அளவுக் கட்டுப்பாடு கைப்பைக்குத்தான்.

எக்ஸ்ரே திரையில் கரிமப் பொருள் ஆரஞ்சாகவும், கனிமங்கள் பச்சையாகவும், கன உலோகம் நீலமாகவும் தெரியும். இறுக்கிக் கட்டிய பொடி ஒரே கருத்த திட்டாக நிற்கும். அப்போது பெட்டியைத் திறந்து, ஒரு சிறு துணித் துண்டால் டப்பாவின் மூடியையும் பையின் கைப்பிடியையும் துடைத்து, வெடிபொருள் தடயம் தேடும் கருவிக்குள் வைப்பார்கள். சில நொடிகளில் பதில் வந்துவிடும். உரத்தில் உள்ள நைட்ரேட், கைக்குப் பூசும் கிளிசரின்கூட அந்தக் கருவியை ஒலிக்க வைப்பதுண்டு. ஒலித்தால் பதறாதீர்கள், இது என்ன, எதற்கு என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லி, தாளைக் காட்டுங்கள்.

இப்போது பொதியும் விதம். பல ஆண்டுகளாகச் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் இதில் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஒருமுறை, சிந்திய நீல நிறமியால் அடுத்தடுத்த ஆறு பெட்டிகள் பாழானதைக் கண்ணால் பார்த்தேன். காரணம் உடைப்பு இல்லை, மூடியின் மரையில் ஒட்டியிருந்த தூசி. விமானத்துக்குள் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பதுபோலக் குறைகிறது. டப்பாவுக்குள் இருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்குவரை விரிந்து, கிடைத்த இடுக்கு வழியாகப் பொடியோடு வெளியேறும். மரையை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, பிறகு மூடுங்கள். அப்புறம் அதை ஜிப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். கண்ணாடிப் புட்டி வேண்டவே வேண்டாம். கடையில் வந்த உறை பிரிக்காமல் இருந்தால் அதுவே மிகவும் நல்லது. பெயர் எழுதாத உறையில் வெள்ளைப் பொடி இருந்தால் போதைப்பொருள் சந்தேகம் வரும். அங்கேயே செய்யும் நிறமாற்றச் சோதனைகள் தவறான முடிவு காட்டியதும் உண்டு.

போய் இறங்கியதும் சுங்கம். வகுப்பு நடத்துகிறவர்களின் அழைப்புக் கடிதத்தையும் வாங்கிய ரசீதையும் வைத்திருங்கள். இயற்கை மண் கலந்த பொடி, எலும்புத் தூள், தாவரத் தூள் எது இருந்தாலும் அறிவிப்புப் படிவத்தில் ‘ஆம்’ என்று குறியுங்கள். அறிவித்தால், அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம் வரும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாலியெஸ்டர் ரெசினில் வார்ப்பதானால், அதை இறுகவைக்கும் ஹார்டனர் பெரும்பாலும் கரிமப் பெராக்சைடு என்ற, எளிதில் தீப்பற்றும் வேதிப்பொருளாக இருக்கும், திரவமோ பொடியோ. பயணியின் எந்தப் பையிலும் அதற்கு இடமில்லை. பிளாஸ்டர் வாங்கச் சொல்லும் அதே மின்னஞ்சலில் அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.