ஆனியன் ரிங்ஸ் ஏன் நமத்துப்போகிறது?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு மாலில் சாப்பிட்ட ஆனியன் ரிங்ஸ் மேல் தீராத ஆசை. விலை கட்டுப்படியாகாமல் வீட்டிலேயே செய்து கொடுக்கிறேன். கோடை விடுமுறையில் செய்தபோது ஓரளவு நன்றாக வந்தது. இப்போது மழைக்காலத்தில் அதே அளவில் செய்தும் சரியாக வருவதில்லை. மைதா, கொஞ்சம் கார்ன்ஃப்ளார், உப்பு, மிளகாய்த் தூள், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டு, பஜ்ஜி மாவு மாதிரி கட்டியில்லாமல் நன்றாக அடித்துக் கரைக்கிறேன். எண்ணெயில் போட்டதும் சீக்கிரமே சிவந்துவிடுகிறது. எடுக்கும்போது மொறுமொறுவென்றுதான் இருக்கிறது. தட்டைக் கூடத்துக்குக் கொண்டுபோவதற்குள் நமத்துவிடுகிறது. கடித்தால் வெங்காயம் முழுசாக உருவிக்கொண்டு வந்து, மாவுக்கூடு மட்டும் கையில் நிற்கிறது. "இதுக்குப் பஜ்ஜியே போட்டிருக்கலாம்" என்கிறார் மாமியார். முட்டை சேர்த்தால் சரியாகுமா? அடுத்த வாரம் மகனின் நண்பர்கள் வருகிறார்கள். முன்கூட்டியே செய்து வைக்க வழி உண்டா?

ஒரு வாசகி, ஈரோடு

*

அன்புள்ள தங்கைக்கு,

கோடையில் வந்தது மழையில் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேயே விடை தொடங்கிவிடுகிறது. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரை மாவுக்குள் ஊறவிடாமல் ஆவியாக வெளியே அனுப்புவதுதான் இந்தப் பண்டத்தின் மொத்த வேலையும்.

மார்ச்சிலிருந்து மே வரை அறுவடையாகும் ராபி (குளிர்காலப் பயிர்) வெங்காயத்தை உலர்த்திச் சேமித்துத்தான் விற்பார்கள். தோல் காய்ந்து சரசரக்கும், சதை இறுகியிருக்கும். அக்டோபருக்குப் பிறகு சந்தைக்கு வருவது காரீஃப் (மழைக்காலப் பயிர்) பருவத்துப் புது வெங்காயம். ஈரம் அதிகம், வைத்துச் சேமிக்கவே தாங்காது. ஆக, உங்கள் அளவு மாறவில்லை, வெங்காயம் மாறிவிட்டது. கடையில் கழுத்துப் பகுதி காய்ந்து குறுகியிருக்கும் பெரிய பெல்லாரியாகப் பார்த்துப் பொறுக்குங்கள். புது வெங்காயம்தான் கிடைக்கிறது என்றால், நறுக்கிய வளையங்களைத் துணியில் பரப்பி அரை மணி நேரம் மின்விசிறிக்கு அடியில் விடுங்கள்.

அமெரிக்கக் குறிப்புகளில் இனிப்பு வெங்காயம் என்று போட்டிருப்பார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் விடாலியா வெங்காயம் அந்த வகை. அந்த மண்ணில் கந்தகம் குறைவு என்பதால் வெங்காயத்தில் காரம் ஏறுவதில்லை. எந்தெந்தப் பகுதியில் விளைந்ததை அந்தப் பெயரில் விற்கலாம் என்று 1986-ல் அங்கே சட்டமே போட்டார்கள். நம் பெல்லாரிக்குக் காரம் உண்டு, ஆனால் பொரியும்போது பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்காகக் குளிர்ந்த நீரில் ஊறவைக்கச் சொல்லும் குறிப்புகளை மழைக்காலத்தில் விட்டுவிடுங்கள்.

அடுத்து, வெங்காயம் உருவிக்கொண்டு வருவது. ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வட்டமாக நறுக்கி, வளையங்களைப் பிரித்து, ஒன்றைக் கையில் எடுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். நகத்தால் ஓரத்தைக் கிள்ளிப் பிடித்து இழுத்தால், வளையத்தைச் சுற்றி ஒரே நாடாவாக உரிந்து வரும். அதை உரித்த இடம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், மாவு அங்கே பிடித்துக்கொள்ளும். சவ்வு வழுவழுப்பானது. மாவை ஒட்டவிடாது. பல்லுக்கும் சுலபத்தில் அறுபடாது, அதனால்தான் ஒரு கடியில் முழு வளையமும் இழுபட்டு வருகிறது. இரண்டு வெங்காயத்துக்கு உரிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். உங்கள் மகனையே உட்கார வைத்து உரிக்கச் சொல்லலாம், விரல் சின்னதாக இருந்தால் இன்னும் சுலபம்.

உரித்த வளையங்களில் உப்புத் தூவிவிடாதீர்கள். பக்கோடாவுக்கு உப்புப் போட்டுப் பிசைந்து வெங்காயத்தைத் தண்ணீர்விட வைக்கிறோம், அந்த ஈரத்திலேயே மாவைப் பிடிக்கிறோம். இங்கே அது நேர்மாறு. உப்பு மாவில் மட்டும் இருக்கட்டும். வளையங்களைத் துணியால் ஒற்றி, முதலில் வெறும் மைதாவில் புரட்டி, அதிகப்படியை உதறிவிட்டு, அப்புறம்தான் கரைத்த மாவில் முக்க வேண்டும். இந்த உலர்ந்த பூச்சு இல்லாமல் ஈர வெங்காயத்தின் மேல் ஈர மாவு நிற்காது.

இனி மாவு. உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதைத்தான். பஜ்ஜிக்குப் பழகிய கை அடித்துக் கரைக்கத்தான் பார்க்கும். கடலை மாவில் குளூட்டன் என்னும் இழுவை தரும் புரதம் கிடையாது, எவ்வளவு அடித்தாலும் கெடாது. காற்று சேர்ந்து நல்லதாகவே ஆகும். மைதாவில் குளூட்டன் உண்டு. பரோட்டா மாஸ்டர் மாவை அடித்துப் பிசைவது அந்த இழுவையை வரவழைக்கத்தான். அதே இழுவை ஆனியன் ரிங்ஸ் மாவில் வந்துவிட்டால் மேல்கூடு ரப்பர் தன்மையாகி, உள்ளேயிருக்கும் ஆவியை வெளியே விடாது. எனவே மைதாவைக் குறைத்து அரிசி மாவைக் கூட்டுங்கள், தண்ணீர் ஐஸ் குளிர்ச்சியில் இருக்கட்டும், கரண்டியால் நாலு சுற்று சுற்றியதும் நிறுத்துங்கள். அங்கங்கே சின்னக் கட்டிகள் கிடந்தால் கிடக்கட்டும்.

ஆப்ப சோடாவை இதில் நான் சேர்க்க மாட்டேன். தயிர், மோர் என்று புளிப்பு எதுவும் இல்லாத மாவில் சோடா அப்படியே காரத்தன்மையோடு (மிளகாய்க் காரமல்ல, புளிப்புக்கு நேர்மாறான தன்மை) நிற்கும். காரத்தன்மை கூடினால் மாவு சீக்கிரம் சிவக்கும். நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று எடுத்துவிடுகிறோம், ஆனால் உள்ளே தண்ணீர் இன்னும் வெளியேறியிருக்காது. கூடத்துக்குப் போவதற்குள் நமத்துப்போவது அதனால்தான். பேக்கிங் பவுடரில் புளிப்பும் சேர்ந்தே இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டு பெரிய வெங்காயத்துக்கு என் அளவு: மைதா 100 கிராம், அரிசி மாவு 40 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், மிளகாய்த் தூள் அரை டீஸ்பூன். அரிசி மாவு பச்சரிசி மாவாக இருக்கட்டும். இடியாப்ப மாவு வறுத்ததோ அவித்ததோ ஆனதால் தண்ணீரை அதிகம் குடிக்கும். இந்த உலர் கலவையைப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, எண்ணெய் காய்ந்த பிறகு குளிர்ந்த சோடாவை ஊற்றிக் கரையுங்கள். கோலி சோடா, பாட்டில் சோடா எதுவானாலும் சரி, இனிப்பு மட்டும் கூடாது. முதலில் 150 மில்லி ஊற்றிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். பஜ்ஜி மாவைவிட ஒரு படி இளக்கமாக இருக்க வேண்டும். வளையத்தைத் தூக்கினால் மாவு படிந்து நிற்க, அதிகப்படி சொட்டி விழ வேண்டும். சோடாவின் குமிழிகள் வெகுநேரம் நிற்காது. கரைத்த கையோடு பொரிக்க ஆரம்பித்துவிடுங்கள்.

எண்ணெய் 180 டிகிரியில் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு சொட்டு மாவை விடுங்கள். அடியில் போய்த் தங்காமல் சடசடவென்று மேலே வந்தால் சரி. விழுந்த வேகத்தில் கருகினால் சூடு அதிகம். ஒரு ஈடுக்கு நான்கைந்து வளையங்கள் போதும். கூட்டமாகப் போட்டால் சூடு இறங்கிவிடும். இரண்டு மூன்று நிமிடம் ஆகும், இடையில் ஒருமுறை திருப்பிவிடுங்கள். குமிழி அடங்கும் சத்தத்தைக் கவனியுங்கள். பஜ்ஜி போட்டுப் பழகிய உங்கள் காதுக்கு அந்தச் சத்தம் புதிதில்லை. தண்ணீர் ஆவியாகி வெளியே வரும் வரைதான் அந்தச் சலசலப்பு. நிறத்தைவிட அதை நம்பலாம்.

பொரித்ததை வெளியே எடுத்த முதல் சில நொடிகளில்தான் பண்டம் அதிக எண்ணெயைக் குடிக்கிறது. உள்ளே மிஞ்சிய ஆவி குளிர்ந்து சுருங்கும்போது மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஜல்லிக்கரண்டியில் எடுத்ததும் சட்டிக்கு மேலேயே நன்றாக உதறிவிடுங்கள். அப்புறம் காகிதத்தில் குவிக்காமல், கவிழ்த்துவைத்த எவர்சில்வர் சல்லடையின் மேல் ஒன்றோடொன்று படாமல் பரப்புங்கள். காகிதத்தில் படிந்த பக்கம் தன் ஆவியிலேயே வேகும். செய்தித்தாள் வேண்டவே வேண்டாம், அச்சு மை உணவில் இறங்கும்.

முட்டை கேட்டிருந்தீர்கள். முட்டை பிடிப்புத் தரும், நிறம் தரும், ஆனால் மொறுமொறுப்பு தராது. ரொட்டித்தூள் ஒட்ட வேண்டுமானால் அது உதவும். ஏர் ஃப்ரையரில் செய்ய நினைத்தால் அந்த ரொட்டித்தூள் முறைதான் ஒத்துவரும். கரைத்த மாவு இறுகுவதற்குள் கீழே வழிந்துவிடும்.

மாமியார் சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடு. வெங்காய பஜ்ஜி அருமையான பண்டம். ஆனால் அதில் கடலை மாவின் வாசனைதான் முதலில் வரும். ஆனியன் ரிங்ஸில் மாவுக்கென்று பெரிய சுவை கிடையாது, அதனால் வெந்த வெங்காயத்தின் இனிப்பு தனியாகத் தெரியும். நம் பிள்ளைகள் கண்டுபிடித்த புதுப் பண்டமும் இல்லை இது. 1802-ல் வெளிவந்த ஜான் மோலார்டின் ஆங்கிலச் சமையல் நூலிலேயே, வெங்காயத்தை வளையமாக நறுக்கி, மாவும் கிரீமும் பார்மேசான் சீஸும் கலந்த கரைசலில் முக்கிப் பன்றிக் கொழுப்பில் பொரிக்கும் குறிப்பு இருக்கிறது. நண்பர்கள் வரும் அன்று பஜ்ஜி, ரிங்ஸ் இரண்டையுமே செய்வதானால் ரிங்ஸை முதலில் போட்டுவிடுங்கள். கடலை மாவுத் துணுக்குகள் எண்ணெயில் தங்கிக் கருகும், பின்னால் போடுவதெல்லாம் கசக்கும். வளையத்துக்கு உதவாத நடுக்குருத்துகளைப் பொடியாக நறுக்கிப் பக்கோடாவில் சேர்த்துவிடலாம்.

நண்பர்கள் வரும் நாளுக்கு வழி உண்டு. முதல் நாளே, மாவு இறுகி வெளிர் மஞ்சளாக வரும் வரை, ஒன்றரை நிமிடம் மட்டும் பொரித்து எடுத்து, முழுதாக ஆறவிட்டு, தட்டில் தனித்தனியாகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். கல்லாக இறுகியதும் ஒரு டப்பாவில் மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகள் வந்த பிறகு அவற்றைக் கரையவிடாமல், மேலே பனி படிந்திருந்தால் தட்டிவிட்டு, 180 டிகிரி எண்ணெயில் நேரே போட்டுப் பொன்னிறமாகும் வரை பொரியுங்கள். பனி பட்டால் எண்ணெய் பொங்கும் என்பதால் சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம், ஒரு ஈடுக்கு மூன்று நான்குக்கு மேலும் வேண்டாம். பையன்களைக் கொஞ்சம் தள்ளியே நிற்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா